எடை விசாரித்த அக்கா

எங்களோடு வேலைக்குச் சேர்வதற்கு முன் அக்கா ஒரு ஃப்ரிட்ஜ் கம்பெனியின் புகார்ப் பிரிவில் இருந்தார். ஐஸ் கட்டவில்லை, தண்ணீர் ஒழுகுகிறது, வருகிறேன் என்ற மெக்கானிக் வரவே இல்லை என்று காலையிலிருந்து மாலைவரை ஊரார் வாயில் விழுந்து எழுந்தவர். கம்பெனி அந்தப் பிரிவையே மூடிப் புகார்களை ஒரு இயந்திரக் குரலிடம் ஒப்படைத்தபோது அவருக்கு வேலை போயிற்று. 'தாய்மார்களுடன் தொலைபேசியில் பேச ஆள் தேவை' என்ற எங்கள் விளம்பரத்தைப் பார்த்து வந்து நின்றார். அதில் அந்த ஒரு வரியைத் தவிர வேறெதுவும் தனக்குப் புரியவில்லை என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

எங்கள் ஆய்வை நடத்தியவர் மகப்பேறு மருத்துவரான பெரிய டாக்டரம்மா. அவரைச் சிரிக்கவைத்தவர் யாரும் இல்லை என்று ஆஸ்பத்திரியில் பேச்சு உண்டு. நேர்காணலில் அவர் கேட்டார்.

"கருவை உறைய வைக்கிறதைப் பத்தி ஏதாவது தெரியுமா?"

"உறைய வைக்கிற வரைக்கும் நல்லாத் தெரியும் மேடம். கருவைப் பத்தி நீங்க சொல்லிக்குடுத்தா கத்துக்கறேன்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். வேலை கிடைத்துவிட்டது.

துணி வெளுக்கும் பகுதிக்குப் பக்கத்து அறைதான் எங்கள் அலுவலகம். சுவர் வழியாக நீராவியின் சூடு வரும், வாசலில் போர்வைகளை ஏற்றிய தள்ளுவண்டிகள் கடகடவென்று போகும். உள்ளே மூன்று மேசைகள். ஒன்று டாக்டரம்மாவுக்கு, ஒன்று அக்காவுக்கு. மூன்றாவது என்னுடையது. வருகிற பதில்களை எண்களாக்கிக் கணக்குப் போடுவது என் வேலை. தலை வழுக்கை விழுந்த பிறகும் அக்காவுக்கு நான் 'கணக்குத் தம்பி'தான்.

ஆய்வு இதுதான். குழந்தை வேண்டிச் சிகிச்சை எடுப்பவர்களுக்கு வெளியில் வைத்துக் கருவை உருவாக்குகிறார்கள். சிலருக்கு அதை உடனே கருப்பைக்குள் வைத்துவிடுவார்கள். சிலருக்குத் திரவ நைட்ரஜன் குளிரில் உறைய வைத்து, மாதங்களோ வருடங்களோ கழித்து எடுத்து வைப்பார்கள். அப்படி உறைந்திருந்து வந்த குழந்தைகள் பிறக்கும்போது எப்படி இருக்கிறார்கள், எடை கூடுகிறதா குறைகிறதா, அம்மாவுக்கு என்ன ஆகிறது, வளர வளர எப்படி என்பதை வருடா வருடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சேரும்போது எல்லாரும் சம்மதம் சொன்னவர்கள்தான். ஆனால் குழந்தை பிறந்து வீட்டுக்குப் போனதும் பாதிப் பேர் போனை எடுப்பதில்லை. அக்காவுக்கு முன்னால் இருந்த இரண்டு பேர், எழுதிக் கொடுத்ததை அப்படியே வாசித்தார்கள். 'கருத்தரிப்பு ஆய்வுப் பிரிவிலிருந்து' என்று தொடங்கியதுமே மறுமுனை அறுந்துவிடும். சிகிச்சை எடுத்தது மாமியாருக்குத் தெரியாது, பக்கத்து வீட்டுக்குத் தெரியாது, சிலருக்குக் கூடப்பிறந்தவர்களுக்கே தெரியாது. கையில் குழந்தை வந்த பிறகு அந்தக் கதையை யார் கிளறுவார்கள்?

அக்கா முதல் வாரம் யாருக்கும் போன் செய்யவில்லை. சிகிச்சைப் பிரிவின் காத்திருப்பு அறையில் போய் உட்கார்ந்திருந்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "இவங்க எப்படிப் பேசிக்கறாங்கன்னு காது குடுக்கறேன்" என்றார். திரும்பி வந்து, எழுதிக் கொடுத்த காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு வேறு மாதிரி ஆரம்பித்தார்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேம்மா. இப்ப பேச வசதியா, இல்ல எப்ப கூப்பிடட்டும்?"

அவ்வளவுதான். கூட யாராவது இருந்தால் அந்தப் பெண்கள் பிறகு அழைக்கச் சொல்வார்கள். அக்கா சொன்ன நேரத்துக்கு அழைப்பார். ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குகளைப் பார்த்துப் பார்த்து, சொன்ன நேரத்துக்கு வராதவர்கள் மீது அவருக்கு வந்திருந்த கோபம் அப்படி. ஒவ்வொருத்தியும் அவருடைய எண்ணை ஒவ்வொரு பெயரில் பதிந்துவைத்திருந்தாள். ஒருத்தியின் போனில் அவர் 'தையல் கடை', இன்னொருத்திக்கு 'இன்ஷூரன்ஸ்', ஒரு பள்ளி ஆசிரியைக்கு 'தண்ணி கேன்'. அதைக் கேட்டால் அக்காவுக்குச் சிரிப்பு பொங்கும்.

"போன்ல என்ன பேர் போட்டுக்கறாங்கங்கறது அவங்க பாடு. என் வாயால நான் பொய் சொல்ல மாட்டேன், அவ்ளோதான்."

அந்தக் கட்டுப்பாட்டுக்கு ஒருநாள் சோதனை வந்தது. அழகு நிலையம் வைத்திருந்த ஒரு பெண்ணுக்கு அக்கா போன் செய்தபோது மாமியார் எடுத்துவிட்டார்.

"யாரு?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்தும்மா. உங்க மருமகளோட பேசணும்."

"என்ன விஷயம்? எங்கிட்ட சொல்லு."

"அவங்ககிட்டதாம்மா சொல்லணும். நாளைக்கு உங்களைப் பத்தி யாராவது எங்கிட்ட கேட்டாலும் இதேதான் சொல்வேன்."

அந்தம்மாள் அதற்கு மேல் கேட்காமல் தன் முழங்கால் வலியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அக்கா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று மாலை மருமகளே அழைத்தாள்.

"அக்கா, எங்க அத்தை உங்களை நல்ல மனுஷின்னு சொல்றாங்க. என்னையே இதுவரைக்கும் அப்படிச் சொன்னதில்லை."

அந்தப் பார்லர் பெண்ணோடு அக்காவுக்கு ஒட்டிக்கொண்டது அப்படித்தான். உறைந்த கருவில் பிறந்தவன் அவளுடைய மகன். நாலு கிலோவுக்கு மேல் எடை. கடைசி மாதங்களில் அவளுக்கு ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறி, அவசரமாக அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். பிறந்ததும் பிள்ளைக்கு ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, பச்சிளங்குழந்தைகள் பிரிவில் வைத்துத் தேற்றினார்கள். இப்போது அவன் வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டிருந்தான். அவள் கடையிலிருந்துதான் பேசுவாள். தலை அலசும் தொட்டி இருக்கிற பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அப்பவும் முடி உலர்த்தும் கருவியின் இரைச்சல் கேட்கும். "ஒரு நாள் கடைக்கு வாங்கக்கா, முடி வெட்டி விடறேன்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லுவாள். அக்கா அந்த வயதுவரை அழகு நிலையத்து வாசலை மிதித்ததில்லை.

ஒரு நாள் கேள்விகள் முடிந்த பிறகு அவள் தயங்கிக் கேட்டாள். "அக்கா, ஐஸ்ல வெச்சு எடுத்த பிள்ளைங்கதான் இப்படி ஊதிப் பொறக்கும்னு எங்கயோ படிச்சேன். அவனுக்கு நாந்தான் ஏதோ கெடுதல் பண்ணிட்டேனோ?"

அந்தக் குரலில் இருந்த பயம் அக்காவைக் கலக்கிவிட்டது. மருத்துவ விஷயத்தில் வாய் திறக்கக் கூடாது, டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும்தான் சொல்ல வேண்டும் என்பது விதி. அதை அவர் அன்று மறந்தார்.

"அட, குண்டாப் பொறந்தா நல்லதுதானே. ஒல்லியாப் பொறந்தாத்தான் கவலை. அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க."

அவள் பெருமூச்சு விட்டாள். பிறகு சொன்னாள்: "அப்பாடா. இன்னொரு கரு மிச்சம் இருக்குக்கா. அடுத்த மாசம் வெக்கப் போறோம், வேற ஆஸ்பத்திரியில. போன தடவை பிரஷர் வந்ததை அவங்ககிட்ட சொல்லலை. சொன்னா வேணாம்னு நிறுத்திடுவாங்களோன்னு பயமா இருந்துச்சு. நீங்க சொன்னப்புறம்தான் நிம்மதி."

போனை வைத்த பிறகு அக்காவின் கை அதன் மேலேயே இருந்தது. மறைக்க நினைத்திருந்தால் மறைத்திருக்கலாம். நான் என் எண்களில் மூழ்கியிருந்தேன், டாக்டரம்மா வார்டில் இருந்தார். அக்கா எழுந்து நேராக வார்டுக்குப் போனார். டாக்டரம்மாவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து, என் எதிரிலேயே நடந்ததை ஒரு சொல் விடாமல் சொன்னார்.

"நான் சொன்னது சரியா தப்பா மேடம்?"

"பாதி சரி. விட்டுப்போன பாதிதான் முக்கியம்" என்றார் டாக்டரம்மா. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் திரையில் எங்கள் கணக்கைக் காட்டினேன். மற்ற நாடுகளில் கண்டதைப் போலத்தான் எங்களுக்கும் வந்திருந்தது. உறைந்த கருவில் பிறந்தவர்களில் எடை குறைந்த குழந்தைகள் கொஞ்சம் குறைவு, அளவுக்கு மேல் எடை உள்ளவர்கள் கொஞ்சம் அதிகம். பெரும்பாலோர் நலமாக இருந்தார்கள். ஆனால் அம்மாக்களுக்குக் கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் ஏறுவது கூடுதலாகத் தெரிந்தது.

"ஒருவாட்டி வந்தவங்களுக்கு மறுபடி வர்றதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி" என்றார் டாக்டரம்மா. "முன்னாடியே தெரிஞ்சா செய்ய எவ்வளவோ இருக்கு. தெரியாமப் போனாத்தான் ஆபத்து. நான் பேசறேன்."

"வேணாம் மேடம். தப்பாச் சொன்னது என் வாய். அதைத் திருத்த வேண்டியதும் என் வாய்தான். என்ன சொல்லணும்னு மட்டும் சொல்லிக்குடுங்க."

டாக்டரம்மா சொல்லிக் கொடுத்தார். அக்கா திரும்பச் சொல்லிக் காட்டினார். ஒரு இடத்தில் இடறியதும் முதலிலிருந்து ஆரம்பித்தார். பிறகு போனை எடுத்தார். பார்லர் பெண்ணின் போன் அணைந்திருந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். வீட்டு எண்ணுக்குப் பேசலாம்தான், ஆனால் மாமியார் எடுப்பார். 'மருமகளின் போன் ஏன் அணைந்திருக்கிறது' என்று கேட்டாலே ஆஸ்பத்திரிக்கு என்ன அவசரம் என்ற கேள்வி அந்த வீட்டில் எழும்.

நாலாம் நாள் அக்கா டாக்டரம்மாவிடம் அனுமதி கேட்டார். "கடைக்கு வரச் சொல்லி அவங்களே கூப்பிட்டிருக்காங்க மேடம். போகட்டுமா?"

டாக்டரம்மா யோசித்தார். "வாடிக்கையாளரா போங்க. தனியாப் பேச விருப்பமான்னு கேளுங்க. விருப்பம் இல்லைன்னா முடியை மட்டும் வெட்டிக்கிட்டு வந்துடுங்க."

மற்றதை அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு செருப்புக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் ஒடுக்கமான படிக்கட்டு. மேலே கண்ணாடிக் கதவு. உள்ளே மூன்று நாற்காலிகள், இரண்டில் ஆட்கள். பார்லர் பெண் நினைத்ததைவிடச் சின்னவளாக இருந்தாள். அக்காவை யாரென்று தெரியாமல், "என்ன பண்ணணும்மா?" என்று கேட்டாள்.

"முடி வெட்டணும். நுனி மட்டும்."

குரலைக் கேட்டதும் அவள் கையிலிருந்த சீப்பு நின்றது. கண்ணாடியில் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பின்னறைக்குக் கூட்டிப்போய், தலை அலசும் தொட்டியில் அவர் கழுத்தைச் சாய்த்து, வெந்நீரைத் திறந்துவிட்டாள். அந்தச் சத்தத்தில் பேசினால் வெளியே கேட்காது.

"போன் இந்தத் தொட்டியிலதான் விழுந்துச்சுக்கா. அதுக்காகவா இவ்ளோ தூரம் வந்தீங்க?"

"இல்லம்மா. அன்னைக்கு நான் உங்ககிட்ட தப்பாச் சொல்லிட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன். சொல்லலாமா?"

அவள் தலையாட்டினாள். கூரையைப் பார்த்தபடி, கண்ணில் நுரை இறங்க, அக்கா சொன்னார். "நீங்க பிள்ளைக்குக் கெடுதல் பண்ணலை. அது உண்மை. உறைய வெச்சு வர்ற பிள்ளைங்க கொஞ்சம் எடை கூடிப் பொறக்கறது உண்டு, ஏன்னு இன்னும் முழுசாத் தெரியலை. குறைஞ்ச எடையில பொறக்கறதும் கம்மி. ஆனா அளவுக்கு மேல எடைன்னா பொறக்கும்போது கஷ்டம் வரலாம், உங்க பையனுக்குச் சர்க்கரை இறங்கின மாதிரி. குண்டாப் பொறந்தா நல்லதுதான்னு நான் சொன்னது தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, உங்க பிரஷரைப் பத்தி ஒண்ணுமே சொல்லாம விட்டது. அது மறுபடி வரலாம். புது டாக்டர்கிட்ட நீங்க சொல்லியே ஆகணும்."

தண்ணீர் நின்றது.

"உங்களுக்கென்ன. போன்ல கேட்டுட்டு வெச்சிடுவீங்க. அவங்க வேணாம்னு சொல்லிட்டா? எனக்கு இருக்கறதே அது ஒண்ணுதான்."

"வேணாம்னு சொல்வாங்களா மாட்டாங்களான்னு எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்ச மாதிரி இன்னொருவாட்டி பேச மாட்டேன். எங்க டாக்டர்கிட்டயும் நீங்க ஒரு வார்த்தை கேட்டுக்கலாம், நேரம் வாங்கித் தரேன். ஆனா உங்க மகனுக்கு அம்மா வேணும். அது எனக்கு நல்லாத் தெரியும்."

அவள் துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினாள். முன்னறைக்கு வந்து கத்தரியை எடுத்தாள். கண்ணில் நீர் திரையிட்டிருந்ததோ கோபமோ, நுனி மட்டும் என்று சொன்ன முடி ஒரு பக்கம் தோளுக்கும் இன்னொரு பக்கம் காதுக்குமாக வந்து நின்றது. அக்கா கண்ணாடியில் பார்த்துவிட்டு, நல்லா இருக்கு என்று சொல்லி எழுந்தார். மறுநாள் அலுவலகத்தில் நான் வாயைப் பொத்திக்கொண்டேன். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் அவருடைய கணவர் மட்டும் வீட்டில் பொத்திக்கொள்ளவில்லையாம். "எந்தப் பக்கம் பார்த்துப் பேசணும்னு சொல்லிடு" என்று கேட்டிருக்கிறார்.

ஒரு வாரம் கழித்துப் புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எங்கள் டாக்டரம்மாவிடம் நேரம் கேட்டாள். கணவனோடு வந்து ரொம்ப நேரம் பேசிவிட்டுப் போனாள். அதன் பிறகு புது டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நிறுத்தச் சொல்லவில்லை. முதல் தடவை மாத்திரைகளால் கருப்பையைத் தயார் செய்திருந்தார்கள். இந்த முறை அவளுடைய இயல்பான மாதச் சுழற்சியையே கவனித்து, அதற்கு ஏற்றபடி கருவை வைத்தார். அவளைப் போன்றவர்களுக்கு அப்படிச் செய்தால் அழுத்தம் ஏறும் வாய்ப்பு குறையலாம் என்று விளக்கினார். கரு தங்கிய பிறகு தினமும் ஒரு சின்ன மாத்திரை கொடுத்தார். வீட்டிலேயே அழுத்தம் பார்க்க ஒரு கருவி வாங்கச் சொன்னார்.

அந்தக் கருவிதான் வீட்டில் குட்டை உடைத்தது. மருமகள் தினமும் கையில் பட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மாமியார் காரணம் கேட்டார். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று அவள் இரண்டு கர்ப்பத்தின் கதையையும் சொல்லிவிட்டாள். அந்தம்மாள், "ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசுவாளே ஒருத்தி, அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது, அப்படித்தானே?" என்று கேட்டாராம். அதில் வந்த கோபம் இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து காலையும் மாலையும் அழுத்தம் பார்க்கிற வேலையை அவரே எடுத்துக்கொண்டார்.

எட்டாம் மாதத்தில் ஒரு காலை, எண் ஏறியிருப்பதைப் பார்த்ததும் அவர்தான் வண்டி பிடிக்கச் சொன்னார். தலைவலியோ வீக்கமோ தொடங்குவதற்கு முன்பே மருத்துவமனைக்குப் போய்விட்டார்கள். மருந்தால் அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்து, மாதம் நிறைகிற தறுவாயில் குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. முன்னெச்சரிக்கையாக முதல் நாளே சர்க்கரையைச் சோதித்தார்கள், சரியாக இருந்தது. அம்மாவின் பக்கத்திலேயே படுக்கவைத்தார்கள்.

அந்தச் செய்தி வந்தபோது நான் அறையில் இருந்தேன். "நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்கா, மூணு கிலோ" என்று அவள் சொன்னது கேட்டது. அக்கா எழுதிக்கொள்ளவில்லை. "நீ எப்படிம்மா இருக்கே?" என்று கேட்டார். அவர் ஒருமையில் பேசி நான் கேட்டது அன்றுதான்.

இதற்குப் பிறகு அக்கா டாக்டரம்மாவிடம் ஒரு விஷயத்தில் விடாப்பிடியாக நின்றார். "வருஷா வருஷம் இவங்ககிட்ட எல்லாத்தையும் கேட்டு வாங்கறோம். நமக்குத் தெரிஞ்சதை ஒரு வார்த்தை திருப்பிச் சொல்றதில்லை. அதனாலதான் அந்தப் பொண்ணு எங்கயோ படிச்சுப் பயந்துச்சு. நானும் உளறினேன்." டாக்டரம்மா உடனே ஒப்புக்கொண்டார். அதற்கு மேலிடத்து அனுமதி வாங்கப் பல மாதங்கள் அவர் அலைந்தார். வீடுகளுக்குச் சொல்ல வேண்டியதை நான் எழுதிக் கொடுத்தேன். அக்கா அதைப் படித்துவிட்டு, "தம்பி, இதைக் கேட்டா எனக்கே பிரஷர் ஏறும்" என்றார். மூவரும் உட்கார்ந்து மறுபடி மறுபடி எழுதினோம். 'இன்னும் தெரியவில்லை' என்று வந்த இடங்களை நான் சுருக்கப் பார்த்தேன். அவர் விடவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டால், தெரிந்ததை நம்புவார்கள் என்றார். பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் அவரே அழைத்துச் சொன்னார். அழுதவர்கள் உண்டு, கோபப்பட்டவர்கள் உண்டு. ஒரு அப்பா, இதையெல்லாம் முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று சத்தம் போட்டார். புகார்ப் பிரிவில் இருந்தவருக்கே உரிய பொறுமையோடு அவர் முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "நியாயமான கேள்விங்க" என்றார்.

இதே மாதிரி ஆய்வு நடத்துகிற மற்ற இடங்களில் வருடங்கள் போகப் போக ஆட்கள் உதிர்ந்துவிடுவார்கள். எங்களிடம் அநேகமாக எல்லாரும் நிலைத்திருக்கிறார்கள். என் கணக்கைப் பார்க்க வருகிறவர்கள் அந்த எண்ணைத்தான் முதலில் நம்ப மறுப்பார்கள். அக்காவின் மேசையைக் காட்டுவேன்.

இப்போது பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயதுக்கு வந்துவிட்டார்கள். இனி அவர்களின் ரத்த அழுத்தத்தையும் நாங்கள் பார்க்க வேண்டும். கையில் பட்டை இறுகும்போது சின்னப் பிள்ளைகள் மிரளுவார்கள் என்பதால் அக்கா அதற்கும் போய்ப் பயிற்சி எடுத்துக்கொண்டார். இப்போது எங்கள் அறையின் கதவைத் திறந்தால் பெரும்பாலும் அவர் தரையில் உட்கார்ந்திருப்பார். ஏதாவது ஒரு குழந்தை அவருடைய கையில் பட்டையைச் சுற்றி, மும்முரமாகக் காற்று அடித்துக்கொண்டிருக்கும்.